குழாய் டெஸ்ட் எக்ஸ்ரே கருமுட்டையைக் கருக்கிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 31. பதினான்கு மாத இடைவெளியில் இரண்டு முறை ஹெச்.எஸ்.ஜி. (கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே டெஸ்ட்) எடுத்துவிட்டார்கள். முதல் படம் வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. இரண்டாவதில் இரண்டு குழாய்களும் கருப்பையை ஒட்டிய இடத்தில் அடைபட்டிருப்பதாக வந்தது. இப்போது பார்க்கும் மருத்துவர் மூன்றாவது முறை எடுக்கச் சொல்கிறார். கதிர் பட்டால் முட்டை கருகிவிடும், ஆறு மாதம் குழந்தைக்கு முயலக் கூடாது என்கிறார் என் கணவரின் அத்தை. முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனை அளவும் 2.4-இலிருந்து 1.9-க்கு இறங்கியிருக்கிறது. டெஸ்ட்டின்போது கணவரும் அறைக்குள் நின்றார். அவருக்கும் பாதிப்பு வருமா? தைராய்டு மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன், வேறு நோய் எதுவும் இல்லை.

பதில்:

நான் மருத்துவர் இல்லை, மருத்துவ இயற்பியலாளர். மருத்துவமனையில் எக்ஸ்ரே இயந்திரங்கள் எவ்வளவு கதிரை விடுகின்றன, அதில் எவ்வளவு நோயாளியின் உடலில் சேர்கிறது என்று அளப்பதுதான் இருபது ஆண்டுகளாக என் பிழைப்பு. ஆகவே குழாயைப் பற்றிய முடிவை உங்கள் மருத்துவரிடமே விட்டுவிடுகிறேன். கதிரைப் பற்றி மட்டும் என்னால் உறுதியாகப் பேச முடியும். எடுத்த இரண்டு டெஸ்ட்டால் உங்கள் முட்டைகள் கருகவில்லை. ஆறு மாதம் காத்திருக்கவும் வேண்டாம். மூன்றாவது டெஸ்ட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாக வேண்டும், ஆனால் அது கதிரைப் பற்றிய கேள்வி அல்ல.

முதலில் ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். "நெஞ்சு எக்ஸ்ரே மாதிரிதான், ஒன்றும் இல்லை" என்று பல இடங்களில் ஆறுதல் சொல்லி அனுப்புகிறார்கள். இது தவறான ஆறுதல். நெஞ்சுப் படத்தில் சூலகத்துக்குப் போய்ச் சேரும் கதிர் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. ஹெச்.எஸ்.ஜி.யில் சூலகங்கள் இரண்டும் கதிரின் நேர்ப் பாதையிலேயே இருக்கின்றன. கருப்பை வாய் வழியாக மருந்தைச் செலுத்தி, அது கருப்பையை நிரப்பி, குழாய்களில் ஓடி, நுனியில் வயிற்றுக்குள் சிந்துகிறதா என்று பார்ப்பதுதான் டெஸ்ட். படம் பிடிக்க வேண்டிய இடமும் காப்பாற்ற வேண்டிய இடமும் ஒன்றே. மறைத்தால் படம் இல்லை. இதைக் கேட்டு பயந்துவிடாதீர்கள். உண்மைக் கணக்கைப் பார்த்தாலே ஆறுதல் கிடைக்கும், பொய்க் கணக்கு தேவையில்லை.

கதிரை அளக்க இரண்டு அளவுகள் உண்டு. மில்லிகிரே என்பது ஒரு குறிப்பிட்ட வயலில் பெய்த மழையின் அளவு போன்றது: சூலகத்தில் இவ்வளவு, தோலில் இவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்வது. எந்தப் பயிர் எவ்வளவு தாங்கும் என்பதையும் சேர்த்து ஊர் முழுமைக்குமாகக் கணக்குப் போட்டால் அது மில்லிசீவர்ட். ஓரளவு கவனமாகச் செய்த ஒரு ஹெச்.எஸ்.ஜி.யில் சூலகத்துக்கு 2 முதல் 5 மில்லிகிரே, உடல் முழுமைக்கான கணக்கில் 1 முதல் 2 மில்லிசீவர்ட் சேரும். நெஞ்சுப் படம் ஒன்றுக்குச் சுமார் 0.02. வயிறு, இடுப்பு சி.டி. ஸ்கேன் என்றால் 8 முதல் 10 வரை போகும். உலகில் எந்த எக்ஸ்ரேயும் எடுக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கும் மண், காற்று, உணவு, வானம் எல்லாவற்றிலிருந்தும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்தச் சராசரி எல்லா ஊருக்கும் பொருந்தாது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும், கேரளத்தின் சவரா, கருநாகப்பள்ளிக் கரையிலும் கடற்கரை மணலில் கதிரை விடும் தோரியம் கலந்திருக்கிறது. அங்கே சில வீடுகளில் ஓர் ஆண்டில் சேரும் இயற்கைக் கதிர், பல ஹெச்.எஸ்.ஜி.க்குச் சமம். தலைமுறை தலைமுறையாக அங்கே பிள்ளை பெற்று வாழ்கிறார்கள். கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கவனித்த திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் ஆய்வில், கதிர் கூடுதலான பகுதிகளில் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அந்தக் கதிர் சிறிது சிறிதாக வருவது, டெஸ்ட்டில் சில நிமிடங்களில் வருவது என்ற வேறுபாடு உண்டு. ஒப்பீட்டை அந்த அளவுக்கு மேல் இழுக்க மாட்டேன்.

இனி முட்டைக்கு வருகிறேன். இரண்டு டெஸ்ட்டையும் சேர்த்து உங்கள் சூலகத்துக்கு 10 மில்லிகிரே சேர்ந்தது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். சூலகத்தைக் கதிர் அழிக்கும் என்பது பொய் இல்லை. புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை பெற்ற பெண்களிடம் அதை நேராகவே பார்த்திருக்கிறோம். ஆனால் எந்த அளவில்? சேமிப்பில் இருக்கும் முட்டைகளில் பாதியை அழிக்க ஏறக்குறைய 2,000 மில்லிகிரே ஆகும் என்பது அந்த நோயாளிகளை வைத்துப் போட்ட கணக்கு. முப்பது வயதுப் பெண்ணுக்கு மாதவிடாய் அடியோடு நின்றுபோக 14,000 மில்லிகிரே அளவில் வேண்டும். உங்களுக்குச் சேர்ந்தது 10. அத்தை சொல்லும் "கருகுவது" நடக்கிற இடம் வேறு, நீங்கள் படுத்திருந்த மேசை வேறு.

ஏ.எம்.ஹெச். 2.4-இலிருந்து 1.9 ஆனதற்கு எக்ஸ்ரேயைக் குற்றம் சொல்லாதீர்கள். அந்த அளவு சுழற்சிக்குச் சுழற்சி ஏறி இறங்கும். ஒரு லேபில் எடுத்ததும் இன்னொரு லேபில் எடுத்ததும் பொருந்தாது. முப்பதைத் தாண்டினால் வயதுக்கே கொஞ்சம் இறங்கும். இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே லேபிலா என்று எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே பதில் இருக்கும்.

பிறக்கப்போகும் குழந்தைக்கு ஊனம் வருமா என்ற பயத்தின் வேர் ஒரு குழப்பத்தில் இருக்கிறது. ஹிரோஷிமா, நாகசாகி என்றதும் நம் நினைவுக்கு வரும் பாதிப்புக் குழந்தைகள், குண்டு விழுந்தபோது தாயின் வயிற்றில் இருந்தவர்கள். அதிலும் எட்டாவது வாரம் முதல் பதினைந்தாவது வாரம் வரையிலான கருவாக இருந்து, அதிகக் கதிர் பட்டவர்களுக்கே தலை சிறுத்தும் அறிவு வளர்ச்சி குன்றியும் போனது. குண்டுக்குப் பிறகு கருவாகிப் பிறந்தவர்கள் வேறு கூட்டம். கதிர் பட்ட தாய் தந்தையருக்குப் பிறந்த 70,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பல பத்தாண்டுகளாகப் பார்த்துவிட்டார்கள். பிறவிக் குறைகள் கூடியதாக அங்கே காண முடியவில்லை. இருந்தாலும் சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் எலிகளில் கண்டதை வைத்து ஓர் எச்சரிக்கைக் கணக்கை வைத்திருக்கிறது. அதன்படி உங்கள் 10 மில்லிகிரேக்கு வரும் கூடுதல் அபாயம் ஒரு லட்சம் பிறப்பில் இரண்டு. எந்தக் கதிரும் படாத பெற்றோருக்கும் ஒரு லட்சம் பிறப்பில் மூவாயிரம் அளவில் ஏதோ ஒரு பிறவிக் குறை இருக்கத்தான் செய்கிறது.

புற்றுநோயைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காமல் மனதில் வைத்திருப்பவர்களே அதிகம் என்பதால் நானே சொல்கிறேன். இரண்டு டெஸ்ட்டுக்கு 4 மில்லிசீவர்ட் என்று வைத்தால், அதே ஆணையத்தின் கணக்குப்படி பத்தாயிரம் பேரில் சுமார் இரண்டு பேருக்கு வாழ்நாளில் கூடுதலாக ஒரு புற்றுநோய் வரலாம். இந்தியாவில் ஒன்பதில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் என்பது 2022-இல் வந்த தேசியப் பதிவேட்டு மதிப்பீடு. பத்தாயிரத்துக்கு 1,100 பேர். அந்த 1,100, 1,102 ஆகிறது. அந்த இரண்டும்கூட, "எவ்வளவு குறைந்த கதிருக்கும் அதற்கேற்ற அபாயம் உண்டு" என்று முன்னெச்சரிக்கையாக ஏற்றுக்கொண்டு போட்டது.

அப்படியானால் எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாமா என்று கேட்டால், கூடாது என்பேன். சென்ற நூற்றாண்டின் நடுவில் கனடாவிலும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் காசநோய்ப் பெண்களுக்கு நுரையீரலைச் சுருங்க வைத்து சிகிச்சை செய்தார்கள். சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க, ஆண்டுக்கணக்கில் ஃப்ளோரோஸ்கோப்பி, அதாவது எக்ஸ்ரேயை ஓடவிட்டுத் திரையில் நேரடியாகப் பார்ப்பது. ஒவ்வொரு முறையும் சேர்ந்தது சிறிய அளவுதான். பலருக்கு நூறு முறைக்கு மேல் ஆனது. அந்தப் பெண்களிடம் பின்னாளில் மார்பகப் புற்றுநோய் கூடியது. சிறு துளிகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் துறை கற்றுக்கொண்டது அவர்களிடம்தான். ஆகவே என் கேள்வி எப்போதும் ஒன்றே: இந்தப் படம் எதற்கு?

அதற்கு முன்பு, எடுக்கும் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த டெஸ்ட்டில் கதிர் தொடர்பாகத் தப்பு நடக்க வாய்ப்புள்ள ஒரே இடம் அதுதான். உதிரப்போக்கு நின்ற பிறகு, முட்டை வெளியாகும் முன்பு, அதாவது மாதவிடாய் தொடங்கிய ஆறாம் நாளிலிருந்து பத்து பதினோராம் நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். அந்தச் சுழற்சியில் டெஸ்ட் முடியும்வரை தாம்பத்திய உறவைத் தவிர்ப்பது நல்லது. பி.சி.ஓ.டி. (சூலக நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்து மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களுக்கு நாள் கணக்கு உதவாது. கரு தங்கியபின் வரும் லேசான கசிவையே மாதவிடாய் என்று எண்ணிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அவர்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை செய்யாமல் மேசையில் ஏற்றக் கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெண்ணை என் அறைக்கு அனுப்பினார்கள். கணவர் வளைகுடாவில் வேலை. அவருடைய விடுமுறைக்குள் எல்லா டெஸ்ட்டும் முடிய வேண்டும் என்று பதினேழாம் நாளில் வெளியே ஓர் இடத்தில் ஹெச்.எஸ்.ஜி. எடுத்திருந்தார்கள். அந்த மாதமே கரு தங்கிவிட்டது. நான்கு ஆண்டுகள் ஏங்கிய கருவைக் கலைத்துவிடலாம் என்று குடும்பமே கூடிப் பேசி முடித்துவிட்டு, "ஒரு சம்பிரதாயத்துக்கு" என்னிடம் வந்திருந்தார்கள். எடுத்த இடத்திலிருந்து பதிவுகளை வாங்கிக் கணக்குப் போட்டேன். கருப்பைக்குச் சேர்ந்தது 3 மில்லிகிரேக்கும் கீழே. 100 மில்லிகிரேக்குக் குறைந்தால் கதிரை மட்டும் காரணமாக வைத்துக் கருவைக் கலைப்பது நியாயம் இல்லை என்பது சர்வதேச ஆணையத்தின் தெளிவான நிலை. முதல் இரண்டு வாரத்தில் பெருங்கதிர் பட்டால் கரு நிற்காமல் போகும். நின்றால் பெரும்பாலும் பழுதில்லாமல் வளரும். இதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். கூடவே இன்னொன்றையும் சொன்னேன்: வயிற்றுப் பிள்ளைக்குக் கதிர் பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1950-களில் இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டூவர்ட், கர்ப்ப காலத்தில் வயிற்றில் எக்ஸ்ரே எடுத்த தாய்மாரின் பிள்ளைகளுக்குக் குழந்தைப் பருவப் புற்றுநோய் சற்றுக் கூடுவதைக் காட்டினார். அந்தச் சிறு கூடுதலுக்காகத்தான் நாளைக் கணக்குப் பார்க்கிறோம். அந்தப் பெண் கருவைக் கலைக்கவில்லை. பிரசவம் வேறு ஊரில் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது உங்கள் மூன்றாவது படம். இரண்டு குழாய்களும் கருப்பையை ஒட்டிய இடத்திலேயே அடைபட்டதாகத் தெரிந்தால், அது உண்மை அடைப்பாக இருக்கலாம். வலியிலும் பயத்திலும் குழாயின் வாய்த் தசை இறுகி, மருந்தை உள்ளே விடாமல் செய்த பொய் அடைப்பாகவும் இருக்கலாம். இது அடிக்கடி நடப்பது. மருத்துவர் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கவே மறுபடி கேட்கிறார் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. "எங்கள் இடத்தில் எடுத்ததைத்தான் நம்புவோம்" என்பது மட்டுமே காரணம் என்றால் இல்லை. இரண்டில் எது என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

பொய் அடைப்பா என்று பார்க்க எக்ஸ்ரே இல்லாத வழியும் உண்டு. நுரை மருந்தைச் செலுத்தி அல்ட்ராசவுண்டில் பார்ப்பது ஒன்று. நெதர்லாந்தில் ஹெச்.எஸ்.ஜி.யையும் இதையும் நேருக்கு நேர் வைத்துச் செய்த ஆய்வில், குழந்தை பிறந்த விகிதம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. நுரை முறையில் வலி குறைவு. பார்ப்பவரின் கைப் பழக்கத்தைப் பொறுத்தது என்பதால் எல்லா ஊரிலும் கிடைக்காது. வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியில் நீலச் சாயம் விட்டுப் பார்ப்பது இன்னொன்று. அதில் கதிர் இல்லை, மயக்க மருந்தும் துளைகளும் உண்டு. கதிருக்குப் பயந்து கத்திக்குப் போவது என் கணக்கில் நட்டம். வேறு காரணத்துக்காக லேப்ராஸ்கோப்பி எப்படியும் தேவை என்றால் மட்டும் அங்கேயே குழாயையும் பார்த்துக்கொள்ளலாம். ஐ.வி.எஃப். (கருவை வெளியே உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தால் குழாய் திறந்திருக்கிறதா என்ற கேள்வியின் எடையே குறைந்துவிடுகிறது. நீர் கோத்து வீங்கிய குழாய் இருக்கிறதா என்பதுதான் அப்போது முக்கியம்.

நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு: காசநோய். நுரையீரலில் அறிகுறியே காட்டாமல் குழாய்களில் வந்து தங்கி அடைத்துவிடும். மணி கோத்தது போலவோ விறைத்த குச்சி போலவோ தெரியும் குழாயை எக்ஸ்ரே படம் காட்டுவது போல அல்ட்ராசவுண்ட் காட்டாது. உங்கள் இரண்டாவது படத்தில் அப்படி ஏதாவது குறிப்பு இருந்ததா என்று ரிப்போர்ட்டைப் படியுங்கள்.

மூன்றாவது முறை எடுப்பதாகவே முடிவானால் கதிரைக் குறைக்கும் கைப்பக்குவம் எடுப்பவரிடம் இருக்கிறது. ஃப்ளோரோஸ்கோப்பியைத் தொடர்ந்து ஓடவிடாமல் துடிப்பு துடிப்பாக விடுவது, கதிரின் சாளரத்தைக் கருப்பை இருக்கும் அளவுக்குக் குறுக்குவது, தேவையில்லாமல் பெரிதாக்கிப் பார்க்காமல் இருப்பது, திரையில் நின்ற கடைசிப் படத்தையே சேமித்துக்கொள்வது. மூன்று நான்கு படங்கள் போதும். இயந்திரம் மும்பையிலுள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் பெற்றதா என்று கேளுங்கள், சுவரில் மாட்டியிருப்பார்கள். முடிந்ததும் திரையில் தெரியும் கதிர் அளவை ரிப்போர்ட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். படத்தைக் குறுந்தகட்டிலும் செல்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சேர்ந்த தேவையில்லாத கதிருக்கு முக்கியக் காரணம் எந்த இயந்திரமும் அல்ல, வீடு மாறும்போது தொலைந்த அந்த உறைதான். ஈயத் துணி கேட்டு வற்புறுத்த வேண்டாம். அது படத்தை மறைக்கும். இயந்திரம் தானாக அளவை நிர்ணயிக்கும் வகையாக இருந்தால், ஈயத்தை ஊடுருவ முயன்று கதிரைக் கூட்டியும்விடும்.

உங்கள் கணவருக்கு ஈய ஏப்ரன் கொடுத்திருப்பார்கள். கொடுக்காவிட்டாலும் ஒரு மீட்டர் தள்ளி நின்றவருக்குச் சிதறி வந்து சேர்வது உங்களுக்குச் சேர்ந்ததில் மிகச் சிறு பங்கு. விந்தணு எண்ணிக்கை தற்காலிகமாகக் குறையவே 150 மில்லிகிரே அளவில் விதைகளுக்கு நேராகச் சேர வேண்டும். அவர் நிம்மதியாக இருக்கலாம். அடுத்த முறை வெளியே நிற்பது இன்னும் நல்லது.

அத்தையின் ஆறு மாதத்துக்கு வருகிறேன். 2017-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் 27 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,119 பெண்களுக்கு ஹெச்.எஸ்.ஜி. எடுத்தார்கள். பாதிப் பேருக்கு எண்ணெய் மருந்து, பாதிப் பேருக்கு நீரில் கரையும் மருந்து. டெஸ்ட் முடிந்த ஆறு மாதத்துக்குள் எண்ணெய்ப் பிரிவில் 39.7 சதவீதம் பேருக்குக் கரு தங்கித் தொடர்ந்தது, மற்றதில் 29.1 சதவீதம் பேருக்கு. குழாயை மருந்து கழுவிவிடுவதால் டெஸ்ட்டுக்குப் பிந்தைய மாதங்களே கருவுறுவதற்கு நல்ல மாதங்கள் என்று பல மருத்துவர்கள் கருதுகிறார்கள். அத்தை உங்களைக் காத்திருக்கச் சொல்வது சரியாக அந்த மாதங்களைத்தான். அவரிடம் சண்டை போட வேண்டாம். அவர் காலத்தில் எக்ஸ்ரே அறை வாசலில் தொங்கிய எச்சரிக்கைப் பலகை அவரை அப்படிப் பயமுறுத்தியிருக்கும்.

இந்த ஆய்வைப் படித்துவிட்டு எண்ணெய் மருந்து வேண்டும் என்று கேட்டுவிடாதீர்கள். கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் தைராய்டு மாத்திரையைச் சொன்னீர்கள். இந்தக் கடிதம் முழுவதிலும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த ஒரு வரிதான். ஹெச்.எஸ்.ஜி. மருந்து எதுவானாலும் அதில் அயோடின் உண்டு. எக்ஸ்ரேயில் தெரிவதே அதனால்தான். நீரில் கரையும் மருந்து ஓரிரு நாளில் சிறுநீரோடு போய்விடும். எண்ணெய் மருந்து, 1901-இல் மார்செல் கெர்பே என்ற பிரெஞ்சுக்காரர் கசகசா எண்ணெயில் அயோடின் சேர்த்து உருவாக்கியது, இடுப்புக்குழியில் தங்கி மாதக்கணக்கில் அயோடினைச் சிந்திக்கொண்டிருக்கும். ஏற்கெனவே மந்தமான தைராய்டை அது இன்னும் மந்தமாக்கக்கூடும். அந்த நிலையில் கரு தங்கினால் குழந்தையின் தைராய்டையும் பார்க்க வேண்டி வரும். கதிரைவிட இது உங்கள் விஷயத்தில் பல மடங்கு முக்கியம், ஆனால் யாரும் உங்களிடம் இதைக் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை.

சென்ற இரண்டு முறையும் எந்த மருந்து போட்டார்கள் என்பது ரிப்போர்ட்டில் இருக்கும். மூன்றாவது டெஸ்ட்டுக்கு முன்பு ஒரு முறையும், எண்ணெய் மருந்து போட்டால் பின்பு சில மாதங்களுக்கு மாதம் ஒரு முறையும் டி.எஸ்.ஹெச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். டெஸ்ட்டுக்குப் பிறகு காய்ச்சலோ கூடிக்கொண்டே போகும் அடிவயிற்று வலியோ வந்தால் அன்றே போய்விடுங்கள். அது கிருமித் தொற்றாக இருக்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. டெஸ்ட்டுக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட்டோடு அந்தத் தைராய்டு மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் சென்று, மருந்து ஏற்றுபவர் கையிலேயே கொடுங்கள்.